"நம்ம வழக்கம்"னு சொல்றாங்களே, அதுக்கு எத்தன வயசுன்னு வீட்லயே கண்டுபிடிக்கிறது எப்படி

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்கூட்டில வீட்டுக்கு வந்தேன், அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, வாசல் கேட் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "இந்நேரத்துல பொம்பளப்புள்ள தனியா வண்டி ஓட்டிட்டு வர்றதெல்லாம் நம்ம வழக்கமே இல்லடி"ன்னாங்க. பதிலுக்கு கத்தணும்னுதான் வாய் வந்துச்சு, ஆனா பசி. சாப்ட்டு முடிச்சுட்டு சும்மா கேட்டேன், "நீ எப்பம்மா சைக்கிள் கத்துக்கிட்ட?"

எங்களுக்கு புதுக்கோட்டை பக்கம். தெரிஞ்சவங்களுக்கு இப்பவே கதை புரிஞ்சிருக்கும். 1991, 92ல அங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப எழுதப்படிக்க சொல்லிக்குடுத்ததோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்தாங்க, அப்ப கலெக்டரே ஒரு பெண்தான், கல்லு ஒடைக்கிற பெண்கள்ல இருந்து டீச்சர் வரைக்கும் பல்லாயிரக்கணக்கான பேர் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் கெடைக்காம நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்குனாங்க, அதுல முன்னாடி பார் இருக்குமே அதுல புள்ளைய உக்கார வெச்சுக்கலாம்னு அதுவே நல்லதுன்னாங்க. எங்கம்மா சைக்கிள் பார்ல உக்காந்து போன புள்ள நான்தான். அப்ப எங்க அப்பத்தா சொன்னதா அம்மா சொன்னாங்க, "வீட்டுக்கு வந்த மருமக சைக்கிள்ல போறது நம்ம வழக்கமா?"

அதே வாக்கியம். ஆள் மட்டும் மாறிடுச்சு.

அன்னைல இருந்து எனக்கு இது ஒரு வேலையாவே ஆயிடுச்சு, யாராவது "வழக்கம்"னு சொன்னா ஒடனே சரின்னும் சொல்றதில்ல சண்டையும் போடுறதில்ல, முதல்ல அதுக்கு வயசு என்னன்னு பாக்குறேன். எப்படி பாக்குறதுன்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு. பெரிய படிப்பெல்லாம் வேணாம், ஒரு நோட்டு, போன்ல ரெக்கார்டர், வீட்ல ஒரு வயசான ஆள், கொஞ்சம் பொறுமை, அவ்ளோதான்.

மொதல்ல அந்த வாக்கியத்த அப்படியே எழுதிக்கங்க

அவங்க சொன்ன வார்த்தையவே எழுதணும், நீங்க புரிஞ்சுக்கிட்டத எழுதக்கூடாது. ஏன்னா தந்திரம் எல்லாமே அந்த வார்த்தைலதான் இருக்கு. "நம்ம வீட்டுப் பொண்ணுங்க வேலைக்கு போறதில்ல" அப்படின்னு என் ஃப்ரெண்டு வீட்ல சொன்னாங்களாம், அவ எழுதி வெச்சு ஒவ்வொரு வார்த்தையா கேள்வி கேட்டா. "நம்ம"ன்னா யாரு, நம்ம குடும்பமா, சாதியா, ஊரா? "பொண்ணுங்க"ன்னா கல்யாணம் ஆகாதவங்களா ஆனவங்களா? "வேலை"ன்னா என்ன? அங்கதான் மாட்டுனாங்க, ஏன்னா அவ பாட்டி பத்து வயசுல இருந்து நாத்து நட்டு களை பறிச்சு கதிர் அறுத்தவங்க, கூலிக்கும் போயிருக்காங்க. அது வேலை இல்லையாம். மாசச் சம்பளம், ஐடி கார்டு, பஸ் ஏறி போறது, இதுதான் வேலையாம். அப்ப வழக்கம் என்னன்னா பொண்ணுங்க வேலைக்கு போகாம இருக்குறது இல்ல, கையில காசு வர்ற வேலைக்கு வெளியூர் போகாம இருக்குறது, அதுவும் குடும்பத்துக்கு கொஞ்சம் வசதி வந்ததுக்கு அப்பறம் ஆரம்பிச்சது. வசதி வந்தா முதல்ல பொம்பளைய வயல்ல இருந்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றது கௌரவம்னு ஒரு கணக்கு நம்மூர்ல ரொம்ப நாளா இருக்கு, அத யாரும் வழக்கம்னு பேர் வெச்சு ஆரம்பிக்கல, ஒரு தலைமுறை போனதும் அதுவே வழக்கம்னு ஆயிடுச்சு.

பெரியவங்ககிட்ட கேக்குறது

இதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. "அந்தக் காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு பாட்டி?"ன்னு கேட்டா பாட்டி உங்களுக்கு ஒரு சினிமா ஓட்டும், எல்லாரும் ஒத்துமையா இருந்தோம், வாய தொறந்து பேச மாட்டோம், நோய் நொடி கெடையாதுன்னு. அது பொய்யுன்னு சொல்லல, ஆனா நமக்கு அதுல ஒன்னும் கெடைக்காது. பொருளப் பத்தி கேளுங்க. உங்க கல்யாணத்துக்கு என்ன சாப்பாடு, யாரு சமைச்சா, எத்தன நாள் நடந்துச்சு, தாலி எத்தன குந்துமணி, பொடவ யாரு எடுத்தது, நீங்க எங்க படுத்தீங்க, மாமனார் முன்னாடி உக்காருவீங்களா, முதல்ல யாரு சாப்புடுவா. இப்படி கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

நான் எங்க அப்பத்தாகிட்ட "உனக்கு எத்தன பவுன் போட்டாங்க"ன்னு கேட்டேன். சிரிச்சுச்சு. "எனக்கு யாரு போட்டா, உங்க தாத்தா வீட்லதான் எங்கய்யாவுக்கு பரிசப்பணம் குடுத்தாக"ன்னுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்திருச்சு. அதாவது மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுக்கு பணம் குடுத்து பொண்ணு கேட்டிருக்காங்க. தமிழ்நாட்ல பல சமூகத்துல அப்ப இதான் நடைமுறையா இருந்துச்சு. அதுக்கப்பறம் வந்த ஒன்னு ரெண்டு தலைமுறைக்குள்ள பணம் போற திசை அப்படியே மாறிடுச்சு, 1961ல வரதட்சணை தடைச் சட்டம் வந்தும் நிக்கல, எங்கம்மாவுக்கு 15 பவுன், என் அக்காவுக்கு 50 பவுன். ஆனா விழாவுக்கு பேரு இன்னமும் "பரிசம் போடுறது"தான்! தட்டுல பொடவையும் நூத்தியொரு ரூபாயும் வெச்சு குடுத்துட்டு, பின்னாடி காருக்கு கணக்கு பேசுவாங்க. "பொண்ணுக்கு போடுறது காலங்காலமா இருக்குறதுதானே"ன்னு அடுத்த தடவ மாமா யாராச்சும் சொன்னா அப்பத்தாவ பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க.

ஒரு டெக்னிக் சொல்றேன், இது ரொம்ப யூஸ் ஆகும். வயசானவங்களுக்கு வருஷம் தெரியாது, "அப்ப எத்தனாவது வருஷம்"னு கேட்டா குத்துமதிப்பா எதையாச்சும் சொல்லிடுவாங்க. ஊரே கலங்குன சம்பவத்தோட சேத்து கேளுங்க. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா (1964 டிசம்பர்), அண்ணா செத்தப்ப நீ இங்க இருந்தியா பொறந்த வீட்லயா (1969 பிப்ரவரி), காமராஜர் செத்தப்ப அப்பா பொறந்துட்டாரா (1975 அக்டோபர் 2), இந்திரா காந்திய சுட்டப்ப, எம்ஜிஆர் செத்தப்ப (1987 டிசம்பர்). இதுக்கு டக்குனு பதில் வரும். "எம்ஜிஆர் செத்தப்ப பஸ் இல்ல, நடந்தே வந்தோம், அப்ப நான் நைட்டி போட்டதே கெடையாது"ன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க, நைட்டி மேல துண்ட போட்டுக்கிட்டு. அந்த துண்டும் நைட்டியும் இன்னைக்கு எந்த தெருவுலயும் யாரும் திரும்பிப் பாக்காத டிரஸ், அதே பெரியம்மா பொண்ணு லெக்கிங்ஸ் போட்டதுக்கு மூணு நாள் பேசல.

இன்னொன்னு, தனியா இருக்கும்போது கேளுங்க. மருமகள்கள், மகன்கள் சுத்தி இருந்தா பாட்டி வேற ஆளு. ரெக்கார்ட் பண்றதா இருந்தா சொல்லிட்டு பண்ணுங்க, ஒளிச்சு வெச்சு பண்ணாதீங்க, அது நல்லா இல்ல.

பேப்பர் பாருங்க

வீட்ல மொய் நோட்டு இருக்கா பாருங்க, பரண்ல இருக்கும், பழைய ட்ரங்கு பெட்டில இருக்கும். சத்தியமா சொல்றேன், நம்ம ஊர் குடும்பங்களுக்கு மொய் நோட்டு மாதிரி ஒரு ஆவணம் கெடையாது. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி ஆவணில மொய் விருந்துன்னே தனியா நடத்துறவங்க நாங்க, அதனால நோட்டு விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. யாரு பேர்ல மொய் எழுதிருக்குன்னு பாருங்க. எங்க வீட்டு பழைய நோட்டுல ஒரு பொம்பள பேரு கூட இல்ல, விதவையா இருந்து தனியா குடும்பம் நடத்துன ஒரு அம்மா வெச்ச மொய் கூட அவங்க ஏழு வயசு பையன் பேர்ல வரவு ஆயிருக்கு. அப்பறம் வந்த நோட்டுல டீச்சர் வேலை பாத்த ரெண்டு பேர் சொந்த பேர்ல. பேருக்கு பின்னாடி என்ன எழுதிருக்குன்னும் பாருங்க. பழைய பக்கத்துல சாதிப் பட்டம் வால் மாதிரி ஒட்டிட்டிருக்கும், போகப்போக வெறும் இனிஷியல். 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்த விடணும்னு தீர்மானம் போட்டாங்க, அது எங்க தாத்தா நோட்டுக்கு வந்து சேர அம்பது வருஷம் ஆயிருக்கு. இன்னைக்கு தமிழ்நாட்ல பேருக்கு பின்னாடி சாதிய போட்டா ஒரு மாதிரி பாப்போம், இதுவே டெல்லில போய் "சர்நேம் இல்ல"ன்னு சொல்லி பாருங்க, ஏதோ பெத்தவங்க இல்லாதவங்கள பாக்குற மாதிரி பாப்பாங்க. (பாஸ்போர்ட் ஃபார்ம்ல அந்த கட்டத்த பாத்து முழிச்சவங்க கை தூக்குங்க.)

அடுத்து போட்டோ. கொள்ளுத்தாத்தா போட்டோ இருந்தா காத பாருங்க. எங்க வீட்ல இருக்குறதுல கடுக்கன் போட்டிருக்காரு, ரெண்டு காதுலயும், தலைல குடுமி. அவரோட பேரன்தான் எங்க சித்தப்பா. அவர் பையன் காலேஜ் சேந்ததும் முடி வளத்து ஒரு காதுல சின்னதா ஒரு கம்மல் போட்டுட்டு வந்தான், "நம்ம பரம்பரைல எவனாச்சும் இப்படி திரிஞ்சிருக்கானா"ன்னு சித்தப்பா வீட்ட ரெண்டாக்கிட்டாரு. அவர் தலைக்கு மேல சுவத்துல மாட்டிருந்த போட்டோல பரம்பரையே ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கிராப்பு வெட்டுறது அந்த காலத்துல வெள்ளக்காரன் ஃபேஷன், குடுமிய எடுத்ததுக்கு அழுத அம்மாக்கள் இருந்திருக்காங்க.

அடுப்படி

இது ஜாலியான பார்ட், ஆனா சீக்கிரம் முடிச்சுக்கறேன். "இதுதான் பாரம்பரிய சமையல்"னு சொன்னா மிளகாய மட்டும் நெனச்சுக்கங்க. மிளகாய் அமெரிக்கா கண்டத்துல இருந்து போர்ச்சுகீஸ்காரங்க மூலமா வந்தது, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498ல. அதுவரைக்கும் காரம்னா மிளகுதான், அதனாலதான் புதுசா வந்ததுக்கு மிளகு மாதிரி இருக்குற காய்னு பேரு. தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாமே அந்தப்பக்கம்தான். எது பழசுன்னு வீட்லயே தெரியணும்னா சில வீடுகள்ல திதிக்கு சமைக்கிறத பாருங்க, மிளகாய்க்கு பதிலா மிளகு, தக்காளி இல்ல, கேரட்டு முட்டைக்கோஸ் மாதிரி "இங்கிலீஷ் காய்" எதுவும் இல்ல, வாழக்காய் பாவக்காய் பிரண்டைதான் இருக்கும். செத்தவங்களுக்கு போடுற சாப்பாடு மட்டும் மாறாம அப்படியே நின்னுருக்கு பாருங்க.

காபியும் அப்படித்தான். காலைல எந்திரிச்சதும் நீராகாரம் குடிச்ச ஊரு இது, நூறு நூத்திருவது வருஷம் முன்னாடி காபி பழக்கம் பரவுனப்ப குடும்பம் கெட்டுச்சு ஒடம்பு கெட்டுச்சுன்னு எழுதித் தள்ளிருக்காங்க. இப்ப காபி குடுக்கலேன்னா சம்பந்தியே கோச்சுக்குவாங்க.

ஆனா ஒரு ட்ராப் இருக்கு. வார்த்தைய மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீஸ் வார்த்தைங்க, அதுக்காக நம்ம முன்னோர் பூட்டு சாவி, ஜன்னல் இல்லாம இருந்தாங்கன்னு அர்த்தமில்ல, திறவுகோல்னும் சாளரம்னும் சொல்லிட்டிருந்தாங்க, இலங்கைல இன்னமும் சாவிக்கு திறப்புன்னுதான் சொல்றாங்க. பேரு புதுசா இருந்தாலும் பொருள் பழசா இருக்கலாம், பரிசத்துல பாத்த மாதிரி பேரு பழசா இருந்து பொருள் தலைகீழாவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்குறது எதுக்கு

சட்டம் வந்துச்சுன்னா எல்லாரும் திருந்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, ஆனா எதையாச்சும் தடை பண்ணி சட்டம் போட்டிருந்தா அந்த தேதில அது நாட்ல நடந்துட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். சாரதா சட்டம்னு 1929ல ஒன்னு வந்துச்சு, பொண்ணுக்கு 14 வயசு ஆகணும் பையனுக்கு 18 ஆகணும்னு. பதினாலே பெரிய புரட்சியா தெரிஞ்சிருக்கு, 1930 ஏப்ரல்ல அது அமலுக்கு வர்றதுக்குள்ள அவசர அவசரமா குழந்தைங்களுக்கு கல்யாணம் பண்ணி வெச்சாங்க. பொண்ணுக்கு 18, பையனுக்கு 21ன்னு ஆனது 1978ல, எங்க பெரிய அத்தைக்கு கல்யாணம் ஆனதுக்கு அப்பறம். ஐயர் இல்லாம மாலை மாத்தி பண்ற சுயமரியாதை கல்யாணம் சட்டப்படி செல்லும்னு ஆனது அண்ணா ஆட்சில, 1967ல போட்ட சட்டத்தால, அதுக்கு முன்னாடி அப்படி பண்ணிக்கிட்டவங்களுக்கும் சேத்து. பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்ல 1989ல வந்துச்சு, நாடு முழுக்க 2005ல. இந்த ரெண்டு வருஷத்தையும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க, "பொண்ணுக்கு சீர் செஞ்சாச்சு, சொத்து கேக்குறது நம்ம வழக்கம் இல்ல"ன்னு அண்ணன் தம்பிங்க பேசுறப்ப உதவும்.

"யாருக்கு?"ன்னு கேக்க மறந்துடாதீங்க

வயசு கண்டுபிடிச்சதோட நின்னுட்டீங்கன்னா பாதி வேலைதான். அந்த வழக்கத்துக்கு வெளிய நின்னது யாருன்னு கேக்கணும், அவங்ககிட்டயும் கேக்கணும். எங்க ஊர் டீக்கடைய பத்தி எங்க தாத்தா சொல்றப்பலாம் என்னா அருமையான இடம், பேப்பர் படிப்போம், அரசியல் பேசுவோம்பாரு. அதே கடைய பத்தி ஊர்ல இன்னொரு தெருவுல இருக்குற ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன், "எங்களுக்கு தனி கிளாசும்மா, குடிச்சுட்டு நாங்களே கழுவி வெக்கணும், பெஞ்சுல உக்கார முடியாது"ன்னாரு. அரசியல் சட்டம் 1950லயே தீண்டாமைய ஒழிச்சாச்சு, அவர் சொல்றது எழுபதுகள. தாத்தா பொய் சொல்லல, அவருக்கு அந்த தனி கிளாஸ் கண்ணுலயே பட்டதில்ல, அவ்ளோ நார்மல் அது. எங்க தெருக்காரங்க பேரு கூட தெரியாம கூப்ட்டுட்டிருந்த அந்த பெரியவர இப்ப நான் அய்யான்னு கூப்டுறேன், அதுக்கும் ஒரு பெரியப்பா மூஞ்ச தூக்குனாரு.

ரவிக்கை விஷயமும் அதே கதைதான். "அடக்கமா உடுத்துறது நம்ம பண்பாடு"ன்னு சொல்றோம்ல, இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டமா இருக்குற தென் திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கறதுக்கு பல வருஷம் போராட வேண்டியிருந்துச்சு, அடி வாங்கிருக்காங்க, துணிய கிழிச்சிருக்காங்க. 1859ல ராஜா உத்தரவு போட்டு அனுமதிச்சப்ப கூட உயர்சாதி பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாதுன்னு ஒரு வால ஒட்டிதான் விட்டாங்க. அப்ப மறைச்சா தப்பு, இப்ப மறைக்கலேன்னா தப்பு. ரெண்டு தடவையும் முடிவு பண்ண உக்காந்தது அந்த பெண்கள் இல்ல.

முடிஞ்சா மாநிலம் தாண்டியும் கேட்டு பாருங்க. எங்க ஆபீஸ்ல ஹரியானா பொண்ணு ஒருத்தி, எங்க அக்கா தாய்மாமாவையே கல்யாணம் பண்ணிருக்கான்னு சொன்னதும் சாப்புட்டுட்டிருந்த சப்பாத்திய கீழ வெச்சுட்டா. எனக்கு கோவம், அப்பறம் அவ சொன்னா, அவங்க பக்கம் ஒரே ஊர்ல இருக்குற பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி மாதிரி, ஒரே ஊருக்குள்ள கல்யாணம்னா பஞ்சாயத்தே கூடிடும்னு. அய்யய்யோ, எங்க ஊர்ல பாதி கல்யாணம் அடுத்த தெருவுலதான நடக்குதுன்னேன். 1955 இந்து திருமண சட்டம் கூட நெருங்கின உறவுல கூடாதுன்னு சொல்லிட்டு, வழக்கம் இருந்தா பரவால்லன்னு ஒரு கதவ நமக்கு தொறந்து வெச்சிருக்கு. (டாக்டருங்க அந்த கதவ சாத்த சொல்றாங்க, அது வேற பஞ்சாயத்து, அதுல நான் டாக்டருங்க பக்கம்.)

கண்டுபிடிச்சத வெச்சு என்ன பண்றது

முதல்ல, குடும்ப வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. நான் போட்டேன். கடுக்கன் போட்டோவ போட்டு சித்தப்பாவ டேக் பண்ணேன், ரெண்டு மாசம் பேச்சுவார்த்த இல்ல. பத்து பேர் முன்னாடி ஒருத்தர் சொன்னது தப்புன்னு காட்டுனா அவர் மனசு மாறாது, உங்கமேல கோவம்தான் வரும். தனியா, அதுவும் அவங்க பழைய கதைய சொல்ற மூட்ல இருக்கறப்ப, கேள்வியா கேளுங்க. "உங்க தாத்தா ஏன் கடுக்கன் போட்டிருந்தாரு சித்தப்பா?" அவ்ளோதான். மிச்சத்த அவரே யோசிக்கட்டும்.

ரெண்டாவது, ஒரு வழக்கம் புதுசுன்னு கண்டுபிடிச்ச ஒடனே அத தூக்கி எறியணும்னு இல்ல, பழசுன்னு தெரிஞ்சா கும்புடணும்னும் இல்ல. இதுல ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே தப்பதான் பண்றாங்க. சங்கீத்தும் மெஹந்தியும் நம்ம ஊர் கல்யாணத்துக்கு நேத்து வந்தது, டான்ஸ் ஆடுறது புடிச்சிருந்தா ஆடுங்க, யாரு கேக்கப்போறா, செலவு மட்டும் பொண்ணு வீட்டு தலையில விழாம பாத்துக்கங்க. மொய் ரொம்ப பழசு, எனக்கு அது புடிக்கும், பேங்க்கு படி ஏற முடியாத எத்தனையோ பேர் அத வெச்சுதான் வீடு கட்டிருக்காங்க. தனி கிளாசும் பழசுதான். நான் பாக்குறது ஒன்னுதான், இத நிறுத்துனா யாருக்கு நஷ்டம், தொடர்ந்தா யாருக்கு வலி. வயசு கண்டுபிடிக்கிறது எதுக்குன்னா "காலங்காலமா"ங்கற அந்த ஒரு வார்த்தைய பேச்சுல இருந்து எடுத்துடலாம், எடுத்துட்டா மிச்சம் இருக்குறத நேரடியா பேசலாம்.

எங்கம்மாகிட்ட அப்படித்தான் ஆச்சு. வழக்கம் இல்லன்னு சொன்னவங்க, சைக்கிள் கதையெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, "அதில்லடி, அந்த மேம்பாலத்துக்கு கீழ லைட்டே இல்ல, எனக்கு பயமா இருக்கு"ன்னாங்க. அது பேசக்கூடிய விஷயம். வேற ரூட்ல வர்றேன், கெளம்புறப்ப லொகேஷன் போடுறேன்னு முடிஞ்சது. லைட்டுக்கு மாநகராட்சில கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன், நாலு மாசம் ஆச்சு, இன்னும் இருட்டாத்தான் இருக்கு.

கடைசியா ஒரு வேலை விஷயம், மொய் நோட்டு கெடச்சவங்களுக்கு. லேமினேட் பண்ணிடாதீங்க, பழைய பேப்பர் சூட்டுல பாழாயிடும். பகல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் போடாம, பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுத்து வைங்க, மை மங்கிட்டு வர்ற பக்கத்துக்கு முதல்ல, ஏன்னா அதுதான் சீக்கிரம் அழிஞ்சுடும். எடுக்கறப்ப பாட்டிய பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க, ஒவ்வொரு பேரா படிங்க. எங்க அப்பத்தா முப்பது பேருக்கு மேல தாண்டல, ஒவ்வொரு பேருக்கும் ஒரு சண்டை ஞாபகம் வந்துச்சு.